தாத்தாவின் தேக்கு அலமாரியும் நான் இழந்த பத்து மாதமும்

எங்கள் வீட்டில் ஏழடி உயரத்தில் ஒரு தேக்கு அலமாரி இருக்கிறது. அதைச் சரி செய்யப் போய் பத்து மாதமும் பர்மாப் பணத்தில் பத்து லட்சம் கியாட்டுக்கு மேலும் போனது. அதில் பாதிக்கு மேல், நானே காசு கொடுத்துக் கெடுத்ததை மறுபடி சரி செய்ய ஆன செலவு. வேலையைத் தொடங்குவதற்கு முன் விஷயம் தெரிந்த ஒருவர் என்னைப் பத்து நிமிடம் உட்கார வைத்துப் பேசியிருந்தால் இதில் பெரும்பகுதி நடந்திருக்காது. ரங்கூனில் நம் தமிழர்கள் வீடுகளில் இதுபோன்ற கட்டில், பெட்டி, அலமாரி, சாய்வு நாற்காலி எல்லாம் இன்னும் இருக்கின்றன. யாராவது ஒருவருக்காவது பயன்படட்டும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் தாத்தா மொகல் தெருவில், இன்றைய ஷ்வே பொந்தா தெருவில், ஒரு செட்டியார் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். 1963இல் வங்கிகளையும் 1964இல் கடைகளையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் முதலாளி குடும்பம் கப்பல் ஏறிவிட்டது. கொண்டுபோக முடியாத சாமான்களில் ஒரு அலமாரியையும் ஒரு சாய்வு நாற்காலியையும் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். தாத்தா இங்கேயே தங்கிவிட்டார். அந்த அலமாரியின் இடது கதவின் உட்பக்கத்தில், வீட்டில் பிறந்த ஒவ்வொரு குழந்தையின் பெயர், தேதி, நட்சத்திரம், பிறந்த நேரம் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். ஒன்பது பெயர்கள். கடைசிப் பெயர் என்னுடையது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் போனதை விட இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அலமாரி சாமி மாடத்துக்குப் பக்கத்தில் நின்றது. அறுபது வருட விளக்குப் புகையும் கற்பூரப் புகையும் படிந்து கறுத்துப் போயிருந்தது. 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் கூரைத் தகரம் பறந்து, இரண்டு நாள் மழையில் நனைந்ததில் கால்களில் வெள்ளை வெள்ளையாய்க் கறை. ஒரு கீல் தளர்ந்து கதவு தொங்கியது. ஒரு இழுப்பறை திறக்காது. அவ்வளவுதான் அதன் நோய். இன்று நினைத்தால் அது நோயே இல்லை. ஆனால் 2018இல் நாங்கள் அதை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, 2,40,000 கியாட் கொடுத்துப் புதிதாக ஒரு மரத்தூள் பலகை அலமாரி வாங்கினோம். மேலே தேக்கு மாதிரி ரேகை போட்ட தாள் ஒட்டியிருந்தது. ரங்கூன் மழை உங்களுக்குத் தெரியும், மே நடுவில் தொடங்கினால் அக்டோபர் வரை சுவரே வேர்க்கும். முதல் மழைக்கு அடிப்பலகை ஊதியது. இரண்டாவது மழைக்குக் கீல் திருகாணிகள் பிடிமானம் இல்லாமல் கழன்று வந்தன. மரத்தூள் பலகை ஒருமுறை ஊதிவிட்டால் காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது, திருகாணி பிடிக்க அதில் நாரே கிடையாது. மூன்றாவது மழை முடிந்ததும் அதைத் தெருவில் இறக்கி வைத்தோம். பக்கத்தில் தேக்கு அலமாரி அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

அப்பாவின் வருடத் திதி முடிந்த பிறகு, 2023 ஜூன் மாதம், அம்மாவுக்கு ஒரு மகிழ்ச்சியாக இருக்கட்டும் என்று அதைப் புதுப்பிக்க முடிவு செய்தேன். மாதத்தைக் கவனியுங்கள், ஜூன். முதல் தவறு அதுதான். மரத்துக்கு மெருகு பூசும் எந்த வேலையையும் இந்த ஊரில் மழைக்காலத்தில் செய்யக் கூடாது. எனக்கு யாரும் சொல்லவில்லை, வேலையை ஒப்படைத்த மரச்சாமான் கடைக்காரரும் சொல்லவில்லை. அவருக்கு மழைக்காலம் வேலை குறைவான காலம், கிடைத்த வேலையை விட அவருக்கு மனமில்லை.

கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். அலமாரியின் முன்பக்கத்தைப் பார்த்தார், கையால் தட்டினார், "பத்து நாளில் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன்" என்றார். 3,20,000 கியாட் என்று பேசினோம். எனக்கு அந்தப் "புதுசு மாதிரி" என்ற வார்த்தை இனித்தது. இப்போது அந்த வார்த்தையைக் கேட்டால் எழுந்து வந்துவிடுவேன். அவர் கதவைத் திறந்து பார்க்கவில்லை. இழுப்பறையை வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. பின்பக்கம் போகவில்லை. மேலே பூசியிருப்பது என்ன மெருகு என்று ஒரு பஞ்சால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பழைய சாமான் வேலை தெரிந்தவர் முதலில் பின்பக்கத்துக்குத்தான் போவார். செய்தவன் கை அங்கேதான் தெரியும். எப்படிப் பூட்டியிருக்கிறது, எந்த மரம், முன்பு யாராவது பழுது பார்த்திருக்கிறார்களா என்பதெல்லாம் முன்பக்கத்தில் தெரியாது.

மெருகு என்ன என்று கண்டுபிடிக்கும் சோதனை சின்னது, நீங்களே செய்யலாம். கண்ணுக்குப் படாத ஒரு மூலையில், பஞ்சில் கொஞ்சம் மெதிலேட்டட் ஸ்பிரிட் தொட்டு அரை நிமிடம் வைத்து எடுங்கள். பிசுபிசுவென்று இளகினால் அது அரக்கு மெருகு. இளகவில்லை என்றால் தின்னர் தொட்டுப் பாருங்கள், அதற்கு இளகினால் லாக்கர் என்ற பூச்சு. இரண்டுக்கும் அசையவில்லை என்றால் பின்னாளில் வந்த பாலியூரித்தேன் போன்றதாகவோ, எண்ணெய் ஊறிய மரமாகவோ இருக்கும். எங்கள் அலமாரியில் இருந்தது அரக்கு. அரக்கு மெருகில் பெரிய வசதி, பழைய பூச்சை உரிக்கத் தேவையே இல்லை. ஸ்பிரிட்டால் அதை லேசாக இளக்கி அங்கேயே நிரவிவிடலாம், புது அரக்கு பழைய அரக்கோடு கலந்து ஒன்றாகிவிடும். இது தெரியாமல் நான் உரிக்கக் கொடுத்தேன்.

இரண்டாம் மாடியிலிருந்து இறக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. படிக்கட்டில் திரும்பாது என்று மேல் முகப்பைச் சுத்தியலால் அடித்துக் கழற்றினார்கள். அந்தக் காலத்து அலமாரிகளைப் பெரும்பாலும் கழற்றி மாட்டும்படியே செய்திருப்பார்கள். மேல் முகப்பை நேராகத் தூக்கினால் வரும், பக்கச் சட்டங்களை ஆப்பு வைத்து இறுக்கியிருப்பார்கள், ஆப்பைத் தட்டி எடுத்தால் பலகை பலகையாகப் பிரியும். அடித்தால்தான் வருகிறது என்றால் தவறான இடத்தில் அடிக்கிறீர்கள் என்று அர்த்தம். பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டின் உட்பக்கத்திலும் சுண்ணாம்புக் கட்டியால் எண் போடுங்கள். எங்கள் வீட்டில் யாரும் போடவில்லை.

பத்து நாள் இரண்டு மாதமானது. ஆகஸ்டில் திரும்பி வந்தது. மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத காலம், வந்த நேரத்தில் இயந்திரம் போட்டுத் தேய்த்ததால் தாமதம் என்றார்கள். கூடவே 4,80,000 கியாட் கணக்கு வந்தது. கைப்பிடி மாற்றியது, "உளுத்த" பலகை மாற்றியது, வண்டி என்று சேர்த்திருந்தார்கள். எழுதி வாங்கிய காகிதம் எதுவும் என்னிடம் இல்லை, கொடுத்தேன். அலமாரி கருஞ்சிவப்பாக, கண்ணாடி மாதிரி பளபளத்தது. முதல் பார்வைக்கு எனக்குப் பிடித்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அம்மா இடது கதவைத் திறந்தார். உட்பக்கம் வழுவழுவென்று இருந்தது. ஒரு எழுத்து இல்லை. ஒன்பது பெயரும் உப்புத்தாளோடு போய்விட்டிருந்தன. அம்மா கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனார். இரண்டு நாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

ஒரு பழைய சாமானை யார் கையில் கொடுப்பதற்கு முன்னாலும் அதன் ஒவ்வொரு பக்கத்தையும் புகைப்படம் எடுங்கள். உள்ளே, பின்னால், அடியில், இழுப்பறையின் அடிப்பலகை, பூட்டு, திருகாணி எல்லாம். எழுத்து, முத்திரை, பழைய சீட்டு எங்கேயாவது இருந்தால் அதைத் தனியாக, பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் வைத்து எடுங்கள். பிறகு அந்த இடத்தைத் தொடக்கூடாது என்று காகிதத்தில் எழுதி, அந்த இடத்திலேயே ஒட்டிவிடுங்கள். என் கைப்பேசியில் அந்த வருடம் மட்டும் ஆயிரக்கணக்கில் படங்கள் இருந்தன. கதவின் உட்பக்கம் ஒன்றில்கூட இல்லை. தினம் பார்க்கும் பொருளைப் படம் எடுக்கத் தோன்றவே இல்லை.

செப்டம்பரில் சுவரில் பூஞ்சை துடைப்பதற்காக அலமாரியை நகர்த்தினேன். எளிதாக நகர்ந்தது. அதற்கு முன் மூன்று பேர் வேண்டும். பின்னால் போய்ப் பார்த்தால், பழைய தேக்குப் பலகைகள் ஐந்தும் இல்லை, ஒரே ஒட்டுப்பலகைத் தகடு அடித்திருந்தது. இழுப்பறைகளின் அடியும் அப்படியே. கடைக்குப் போய்க் கேட்டேன். பழையது உளுத்துப் போயிருந்தது, தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள். இல்லை என்று நிரூபிக்க என்னிடம் என்ன இருக்கிறது? இன்று நல்ல காய்ந்த பழைய தேக்கு கிடைப்பது அரிது. 2014 ஏப்ரல் 1 முதல் பர்மாவிலிருந்து வெட்டுமரமாக ஏற்றுமதி செய்யத் தடை. 2016இல் பெகு யோமா மலைக்காடுகளில் பத்து வருடத்துக்கு மரம் வெட்டத் தடை போட்டார்கள். பழைய அலமாரியின் பின்பலகைக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியாது, கடைக்காரருக்குத் தெரியும். அதனால் மாற்றும் பலகை எதுவானாலும் பழையதை என்னிடம் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். உளுத்ததாக இருந்தாலும் சரி, தூளாக இருந்தாலும் சரி. இந்த ஒரு பேச்சே பல பலகைகளைக் காப்பாற்றும்.

செப்டம்பர் கடைசியில் மெருகின் மேல் பால் தெளித்தது மாதிரி வெண்மை படர்ந்தது. ஈரக்காற்றில் பூசியதால் ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டது. டிசம்பரில் சட்டங்கள் சேரும் இடங்களில் உப்புப் பூத்தது போல வெள்ளைத் தூள் வந்து, அந்த இடத்தில் பூச்சு செதில் செதிலாக உரிந்தது. தேய்த்தால் போகும், மூன்றாம் நாள் மறுபடி வரும். ஜனவரியில் நானே சரி செய்கிறேன் என்று இறங்கினேன். ஆளிவிதை எண்ணெய் வாங்கி, உரிந்த இடங்களில் துணியால் தேய்த்தேன். அந்தத் துணிகளைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். இரவு பத்தரைக்கு அம்மாவுக்குக் கருகல் வாசனை வந்தது. வாளியின் அடி இளகி வளைந்திருந்தது, துணியின் நடுவிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. தண்ணீரை ஊற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூட்டை வெளிவிடும். துணியைச் சுருட்டி வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். நெருப்பே வேண்டியதில்லை. எண்ணெய் தொட்ட துணியைத் திறந்த வெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் முக்கி வையுங்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிடங்கள் நிற்கும், நாங்கள் இருக்கும் தாம்வே வட்டாரம் மாதிரி இடத்தில் நாங்கள் தப்பித்தது தெய்வச் செயல்.

பிப்ரவரியில் ஒரு இரவு படார் என்று சத்தம். வலது கதவின் நடுப்பலகை மேலிருந்து கீழாக ஒன்றரை அடிக்குப் பிளந்திருந்தது. அன்றுதான் நான் கைவிட்டேன். விற்றுவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாதான், காளி கோவிலில் வாகனங்களுக்குப் பழுது பார்க்கிற ஆசாரி ஒருவர் இருக்கிறாரே, அவரைக் கேட்டுப் பார் என்றார். அனவ்ரதா சாலையில் நம்மவர்கள் 1871இல் கட்டிய கோவில் அது. விசாரித்துப் போனேன். எழுபது வயதைத் தாண்டியவர், பாதி பேச்சு தமிழ், பாதி பர்மிய மொழி. வீட்டுக்கு வந்ததும் நேராக அலமாரியின் பின்பக்கம் போனார். அப்புறம் இழுப்பறையைக் கவிழ்த்தார். வெள்ளைத் தூளை விரலில் தொட்டு, நாக்கின் நுனியில் வைத்துத் துப்பினார். (நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.) "காஸ்டிக் சோடாவில் ஊறப் போட்டிருக்கான் தாயி" என்றார்.

அவர் அன்று சொன்னதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். காஸ்டிக் சோடா மெருகைச் சீக்கிரம் உரித்துவிடும், அதனால் கடைகளுக்குச் செல்லம். ஆனால் அது தேக்கைக் கறுக்க வைக்கும், நாரைச் சிலும்ப வைக்கும், பழைய வஜ்ஜிரத்தை (தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசையை) கரைத்துவிடும். மரத்துக்குள் தங்கிவிட்ட சோடா, காய்கிற காலத்தில் உப்பாகப் பூத்து மேலே இருக்கும் எந்தப் பூச்சையும் தள்ளிவிடும். கறுத்த நிறத்தை மறைக்கத்தான் அந்தக் கருஞ்சிவப்புச் சாயம். கதவு பிளந்ததற்குக் காரணம் வேறு. கதவின் நான்கு சட்டங்களில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டி, நடுப்பலகையை அதற்குள் ஒட்டாமல் சும்மா செருகியிருப்பார்கள். மழையில் மரம் அகலத்தில் விரியும், கோடையில் சுருங்கும், காடிக்குள் அதற்கு இடம் உண்டு. கடையில் சத்தம் வராமல் இருக்கட்டும் என்று பலகையைச் சுற்றி வெள்ளைப் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். ஆகஸ்டில் விரிந்த நிலையில் ஒட்டியது, பிப்ரவரியில் சுருங்க இடமில்லாமல் நடுவில் கிழிந்தது. கதவுப் பலகை லேசாக ஆடினால் அது குறை இல்லை. யாரும் அதை ஒட்ட விடாதீர்கள்.

ஆசாரி ஐயாவுக்குத் தேக்கின் மேல் ஒரு தனி மரியாதை. அந்தக் காலத்தில் மரத்தை உடனே வெட்டமாட்டார்களாம். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக வெட்டி, நின்ற நிலையிலேயே சாகவிட்டு, மூன்று வருடம் போல நின்று காய்ந்த பிறகுதான் வெட்டி ஆற்றில் விடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது, காய்ந்தால் மிதக்கும். அப்படிக் காய்ந்த மரம்தான் காரைக்குடிப் பக்கம் வீட்டுத் தூணாகவும் நிலையாகவும் போயிற்று, இதுவும் அந்த மரம்தான் என்று பக்கவாட்டுப் பலகையைத் தடவிக் காட்டினார். அடிச்சட்டம் தேக்கு இல்லை, ப்யின்கடோ என்றார், நாம் இருள் மரம் என்கிறோமே அது. தரையின் ஈரத்தைத் தாங்குவதற்காகத் தெரிந்தே போட்டிருக்கிறார்கள். கரையானும் மரத்தைத் துளைக்கும் பூச்சியும் தேக்கின் வைரத்தை, அதாவது நடுமரத்தை, தொடாது என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் ஓரத்தில் வெளுப்பாக இருக்கும் வெளிமரத்தைத் தின்னும். எங்கள் அலமாரியில் இரண்டே இடத்தில் வெளிமரம் இருந்தது, அங்கே மட்டும் பழைய துளைகள். துளையிலிருந்து புது மாவு கொட்டுகிறதா என்று கறுப்புத் துணி விரித்து ஒரு வாரம் பார்க்கச் சொன்னார். கொட்டவில்லை. செத்த துளைக்கு மருந்து அடிப்பது வீண் செலவு.

வேலை பிப்ரவரி கடைசியில் தொடங்கித் திஞ்சானுக்கு, ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டுக்கு, முந்திய வாரம் முடிந்தது. எங்கள் வீட்டு மாடியிலேயே செய்தார். முதலில் பிரித்து, பலகை பலகையாகத் தண்ணீரால் கழுவி, வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, மறுபடி நல்ல தண்ணீரால் துடைத்து, நிழலில் இரண்டு வாரம் சும்மா காயவிட்டார். அந்த இரண்டு வாரத்துக்குக் கூலி கேட்கவில்லை. கறுப்புக்கு ஆக்சாலிக் அமிலம் போட்டார், அது நஞ்சு, கையுறை இல்லாமல் தொடக்கூடாது, காய்ந்த பிறகு அதன் தூள் மூக்கில் போகக் கூடாது. கறுப்பு முழுதும் போகவில்லை. முக்கால் பங்கு போயிற்று, மீதி இருக்கட்டும் என்றார், நானும் சரி என்றேன். சட்டங்கள் சேரும் மூட்டுகளுக்கு வஜ்ஜிரம்தான் காய்ச்சினார். பழைய வஜ்ஜிரம் இருக்கும் இடத்தில் வெள்ளைப் பசை பிடிக்காது, புது வஜ்ஜிரம் பழையதை இளக்கிச் சேர்ந்துகொள்ளும். நாளை இன்னொருவன் பிரிக்க வேண்டி வந்தால் வெந்நீரும் சூடும் போதும், மரத்தை உடைக்க வேண்டாம். வஜ்ஜிரத்தைக் கொதிக்கவிடக் கூடாது, கை பொறுக்காத சூடு போதும், கொதித்தால் பிடிப்பு போய்விடும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு, அதனால் ஒட்டும் இடத்தை ஒட்டுவதற்குச் சற்று முன்னால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டுத்தான் ஒட்டினார். இரும்புத் திருகாணிகளையெல்லாம் எடுத்துவிட்டுப் பித்தளை போட்டார். பித்தளை மெத்தென்றது, தலை முறிந்துவிடும், ஆகவே முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை ஏற்றி இறக்கி வழி செய்துவிட்டு, பித்தளையில் மெழுகு தடவி ஏற்ற வேண்டும்.

மெருகுக்கு அவலரக்கு, அவல் மாதிரிச் செதிலாக வரும் அரக்கு. ஷான் மலைப்பக்கத்து மரங்களில் பூச்சி கட்டும் அதே அரக்குதான். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு இருநூறிலிருந்து இருநூற்றைம்பது கிராம், ஒரு இரவு ஊறினால் கரைந்துவிடும், மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். கரைத்த அரக்கு ஆறு மாதத்துக்கு மேல் நம்பத் தகாது. ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுப் பாருங்கள், மறுநாளும் பிசுபிசுத்தால் அதைப் பூசாதீர்கள், என்றைக்கும் காயாது. பஞ்சை மெல்லிய துணியில் பொதிந்து, காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிய பிறகு, மெல்ல மெல்லப் பதினான்கு பூச்சு. கடைசியில் தேன்மெழுகைக் கொஞ்சம் டர்பன்டைனில் இளக்கித் தேய்த்து விட்டார். பளபளப்பு இல்லை, கை வைத்தால் வழுக்காமல் வெதுவெதுப்பாக இருக்கிறது. பின்பலகைக்குப் பழைய வீடு இடிக்கும் இடத்தில் தேக்கு வாங்கி, இழைப்புளியால் இழைத்துப் போட்டார். கதவின் பிளவை, அதே மரத்தில் மெல்லிய சிம்பு சீவி வைத்து அடைத்தார். கிட்டப் போனால் கோடு தெரியும். தெரியட்டும்.

அவருடைய கூலி நாளைக்கு 30,000 கியாட், பதினான்கு நாள் வேலைக்கு 4,20,000. பலகை, அரக்கு, ஸ்பிரிட், பித்தளை எல்லாம் 1,35,000. கடைக்குக் கொடுத்த 4,80,000ஐயும் சேர்த்தால் 10,35,000 கியாட். கடைக்குப் போகாமல் முதலிலேயே அவரிடம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். நாலு நாள் வேலை தாயி, கீலைச் சரி பண்ணி, துடைச்சு, அரக்கு ஒரு கை ஓட்டியிருப்பேன், சாமானோட ஒண்ணரை லட்சத்துக்குள்ள முடிஞ்சிருக்கும் என்றார். திறக்காத அந்த இழுப்பறைக்கு என்ன வைத்தியம் தெரியுமா, ஓடுகிற கட்டையில் மெழுகுவத்தியைத் தேய்ப்பது.

அதனால் உங்கள் வீட்டில் கறுத்துப் போன பழைய மரச்சாமான் இருந்தால், உரிக்கும் எண்ணம் வருவதற்கு முன் துடைத்துப் பாருங்கள். முதலில் மெல்லிய தூரிகையால் தூசி. பிறகு துணியைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒரு சாண் இடம் மட்டும் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். புகைப் பிசுக்கு அதற்குப் போகவில்லை என்றால் டர்பன்டைன் தொட்ட துணி. அதன் பிறகும் மேல் பூச்சு வெடித்து வெடித்து இருந்தால்தான் ஸ்பிரிட்டும் அரக்கும். சின்னம்மா வீட்டுக் கட்டிலை இந்த வருடம் நானே இப்படித் துடைத்தேன், இரண்டு மாலை ஆனது, கறுப்புக்கு அடியில் பழுப்புத் தங்க நிறம் அப்படியே இருந்தது. கடையில் விற்கும், சிலிக்கான் கலந்த பளபளப்புத் தெளிப்பான் எதையும் அடிக்காதீர்கள், பின்னால் எந்த மெருகு பூசினாலும் அந்த இடத்தில் கண் கண்ணாகப் பிரியும். பழைய பெயின்ட் பூசியிருந்தால் உலர வைத்துத் தேய்க்க விடாதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம். ரசம் போன கண்ணாடியை மாற்றச் சொல்வார்கள், மாற்ற வேண்டியதில்லை. அப்படியே மாற்றினாலும் பழைய கண்ணாடியைப் புதியதன் பின்னால் வைத்து மூடச் சொல்லுங்கள்.

வேலை முடிந்த அன்று நான் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். நினைவிருக்கிற வரை சொல்லுங்கள், கதவில் மறுபடி எழுதிவிடுகிறேன் என்றேன். அம்மா வேண்டாம் என்றார். "அது மாமா கையெழுத்து. நீ எழுதினா அது உன் கையெழுத்து. அந்த இடம் அப்படியே இருக்கட்டும்." பெயர்களையும் தேதிகளையும் மட்டும் ஒரு நோட்டில் எழுத வைத்தார். ஒன்பதில் ஆறு பேருக்கு நட்சத்திரம் நினைவிருந்தது, நான்கு பேருக்கு நேரமும். நோட்டு இப்போது அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது.

இனி சாய்வு நாற்காலி. அதன் பிரம்பு இருக்கை தொய்ந்தால், ஒவ்வொரு திஞ்சானுக்கும் அப்பா அதைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்தில் வெதுவெதுப்பான தண்ணீரைத் துணியால் ஒற்றி நிழலில் காயவிடுவார், மறுநாள் தோல் மேளம் மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கும். கண்ணி அறாமல் இருக்கும்வரை பின்னல் மாற்றவே வேண்டாம், இந்த வருடம் நானும் அதையே செய்தேன். வலது கைப்பிடியின் மூட்டு மட்டும் ஆடுகிறது. வெளியே மழை கொட்டுகிறது, ஆசாரி ஐயா கார்த்திகைக்கு மேல் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நாற்காலியை முன்னும் பின்னும் அடியுமாக நாற்பத்தாறு படங்கள் எடுத்து வைத்திருக்கிறேன்.